வாயில்லா ஜீவன்களின் தீனியும் நமது உணவும்

உணவுக் கலப்படம் என்றதும் நம்மவர் நினைவில் முதலில் தோன்றுவன பாலில் தண்ணீரும், மிளகில் பப்பாளி விதையும், மிளகாய்த் தூளில் செங்கற்பொடியும் ஆகும். மனிதன் உண்ணும் பண்டத்தில் மற்றொரு மனிதன் பொருளாசையால் செய்யும் மோசடி என்றே கலப்படத்தை நாம் கருதி வருகிறோம். ஆயினும், மாட்டுத் தொட்டியில் ஊறும் பிண்ணாக்கிலும், கோழிக்கு இறைக்கும் தீனியிலும், வீட்டு நாய்க்குக் கடையில் வாங்கும் தின்பண்டத்திலும் கேடு புகுதல் உண்டு. அக்கேடு பிராணியோடு நின்றுவிடுவதில்லை. பாலாகவும் முட்டையாகவும் அது நமது வீட்டுக்கே திரும்பி வருகிறது. இவ்வுண்மையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் நன்கு உணர்ந்து, ஏற்ற நடவடிக்கை எடுப்பதற்கு உதவியாக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நாயின் தட்டில் தோன்றிய எச்சரிக்கை

2007-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்க நாட்டில் நாய்களும் பூனைகளும் திடீரெனச் சிறுநீரகம் கெட்டு நோயுற்றன. ஆயிரக்கணக்கான புகார்கள் வந்தன. கடைகளிலிருந்து கோடிக்கணக்கான பொட்டலங்கள் திரும்பப் பெறப்பட்டன. ஆராய்ந்து பார்த்தபோது, சீன நாட்டிலிருந்து கோதுமைப் புரதம் என்ற பெயரில் இறக்குமதியான மாவில் மெலமின் என்னும் இரசாயனப் பொருள் கலந்திருந்தமை தெரிய வந்தது.

மெலமின் பிளாஸ்டிக்குப் பாத்திரங்கள் செய்யப் பயன்படும் பொருள். அதில் ஊட்டம் எதுவும் இல்லை. எனினும் அதனை ஏன் கலந்தனர்? ஒரு பண்டத்தில் எவ்வளவு புரதம் உண்டு என்பதைச் சோதனைச் சாலையில் நேராக அளப்பதில்லை. அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதைக் கொண்டு புரதத்தைக் கணக்கிடுவதே வழக்கம். மெலமினில் நைட்ரஜன் மிகுதி. ஆகவே அதனைச் சேர்த்தால் மலிவான மாவும் கணக்கில் உயர்ந்த புரதமாகத் தோன்றும். நமது ஊர்ச் சந்தையில் தவிட்டிலும் பிண்ணாக்கிலும் யூரியா உரத்தைக் கலப்பவன் செய்யும் தந்திரமும் இதுவேயாகும்.

அந்த எச்சரிக்கையின் முழுப் பொருளையும் உலகம் உணரவில்லை. மறு ஆண்டாகிய 2008-இல் அதே மெலமின் சீன நாட்டில் குழந்தைகளுக்கான பால்மாவில் காணப்பட்டது. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன. 6 குழந்தைகள் இறந்தன. நமது மத்திய அரசு அவ்வாண்டு செப்டம்பர் மாதத்திலேயே சீனப் பால் பொருள்களின் இறக்குமதியைத் தடை செய்தது. 2007-இல் நாயின் தட்டில் தோன்றிய நஞ்சு 2008-இல் குழந்தையின் புட்டியில் தோன்றியது என்பது மறக்கற்பாலதன்று.

அதே ஆண்டுகளில் வேறொரு துன்பமும் தலைகாட்டியது. சீனாவிலிருந்து வந்த, கோழி இறைச்சியை உலர்த்திச் செய்த நாய்த் தின்பண்டங்களை உண்ட நாய்கள் வாந்தியும், மிகுந்த நீர்வேட்கையும், சிறுநீரகக் கோளாறும் உற்றன. 2014-ஆம் ஆண்டு மே மாதம் வரையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு ஏறத்தாழ 4,800 புகார்கள் வந்திருந்தன. 1,000-க்கு மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அவற்றில் கண்டிருந்தது. பல்லாண்டு ஆராய்ந்தும் காரணம் இன்னதென்று உறுதி செய்ய இயலவில்லை. பல தேசங்கள் கடந்து, பல கைகள் மாறி வரும் பண்டத்தில் பிழை எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிப்பது எத்துணைக் கடினம் என்பதற்கு இது சான்று.

பூஞ்சை நஞ்சு

மெலமின் வேண்டுமென்றே கலக்கப்பட்டது. ஒருவரும் கலக்காமலே தீனியில் புகும் நஞ்சும் ஒன்று உண்டு. நமது நாட்டுக்கு அதனால் விளையும் தீங்கே பெரிது.

1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இனந்தெரியாத நோயால் மடிந்தன. பிரேசில் நாட்டிலிருந்து இறக்குமதியான நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. ஈரம் பட்ட கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சைக்காளான் அந்த நஞ்சை உண்டாக்கியிருந்தது. அஃப்ளாடாக்சின் என்று அதற்குப் பெயரிட்டனர். அது ஈரலைக் கெடுக்கும். நெடுநாள் சிறிது சிறிதாக உட்சென்றால் ஈரலில் புற்றுநோயை விளைவிக்கும்.

நமது நாட்டிலும் அதன் கொடுமை காணப்பட்டது. 1974-ஆம் ஆண்டில் இராஜஸ்தானத்தின் பான்ஸ்வாரா மாவட்டத்திலும் குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும் பருவந்தவறிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்ட கிராம மக்களில் 100-க்கு மேற்பட்டோர் ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, காமாலை கண்டு இறந்தனர். அவ்வீடுகளில் அதே சோளத்தை உண்ட நாய்களும் அதே குறிகளோடு நோயுற்றன. ஒரு வீட்டில் நாயும் மனிதரும் ஒருசேர நோயுறுவராயின், முதலில் சோதிக்கத்தக்கது தானியக் குதிரேயாகும்.

2020-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவில் விற்பனையான ஒரு நாய்த் தீனியிலும் இதே நஞ்சு மிகுந்திருந்தது. 110-க்கு மேற்பட்ட நாய்கள் இறந்ததாகச் செய்திகள் பதிவாயின. இயந்திரங்களும் சோதனைச் சாலைகளும் நிறைந்த நாட்டிலேயே நிலைமை இதுவாயின், நாம் எவ்வளவு விழிப்பாயிருத்தல் வேண்டும்!

தமிழ்நாட்டுப் பாலில் கண்ட உண்மை

இனி நமது மாநிலத்தின் நிலையைக் காண்போம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2018-ஆம் ஆண்டு மே முதல் அக்டோபர் வரை நாடெங்குமுள்ள 1,103 நகரங்களில் 6,432 பால் மாதிரிகளைச் சேகரித்துச் சோதித்தது. முடிவுகள் 2019 அக்டோபரில் வெளியாயின.

உண்பதற்குத் தகாதவாறு கலப்படம் செய்யப்பட்ட பால் நாடு முழுவதிலும் 12 மாதிரிகளில் மட்டுமே இருந்தது. அவற்றுள் ஒன்றேனும் தமிழ்நாட்டைச் சேர்ந்ததன்று. இது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியே. ஆனால் 368 மாதிரிகளில் எம்-1 என்னும் அஃப்ளாடாக்சின் அனுமதித்த அளவை மீறியிருந்தது. அவ்வகையில் முதலிடம் பெற்றது தமிழ்நாடு. இங்கே சோதித்த 551 மாதிரிகளில் 88-இல் நஞ்சு மிகுந்திருந்தது.

இக்கணக்கின் பொருளைச் சிந்தித்தல் வேண்டும். பால்காரர் தண்ணீர் ஊற்றினாரா, சோப்புத் தூள் கலந்தாரா என்று நாம் சந்தேகக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். நஞ்சோ அவர் அறியாமலே, பசுவின் மடியிலிருந்தே பாலோடு இறங்கி வருகிறது. அதனைப் பாலில் யாரும் ஊற்றுவதில்லை. தீனியின் வழியாகவே அது வருகிறது என்று ஆணையமும் கூறியிருக்கிறது. எனவே, பாலைக் காக்க வேண்டின் தீனி மூட்டையைக் காத்தல் வேண்டும்.

நஞ்சு சுற்றி வரும் வழி

தீனியிலுள்ள பி-1 என்னும் அஃப்ளாடாக்சினைப் பசு உண்டால், அதில் நூற்றுக்கு 1 முதல் 6 பங்கு வரை எம்-1 என உருமாறிப் பாலில் வெளிப்படும். கெட்ட தீனி உண்ட 24 மணி நேரத்துக்குள் அது பாலில் தோன்றும். தீனியை நிறுத்தினால் மூன்று நான்கு நாட்களில் பெரும்பாலும் மறைந்துவிடும். பாலைக் காய்ச்சுவதால் அது அழிவதில்லை. தயிராக்கினாலும் வெண்ணெய் எடுத்தாலும் முற்றிலும் நீங்குவதில்லை. நமது நாட்டுச் சட்டப்படி ஒரு கிலோகிராம் பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல், அதாவது நூறு கோடிப் பங்கில் அரைப் பங்குக்கு மேல், எம்-1 இருத்தல் கூடாது. கண்ணாலோ நாவாலோ அறியக்கூடிய அளவன்று இது.

பி-1 தீனிக்குள் எவ்வாறு வந்தது? நிலக்கடலை பயிரிடும் குடியானவர் அறுவடைக்குப் பின் நல்ல பருப்பை நல்ல விலைக்கு விற்கிறார். சுருங்கியதும், பூசணம் பிடித்ததும், வண்டு துளைத்ததுமான பருப்பை வீணாக்க மனமின்றிக் குறைந்த விலைக்கு எண்ணெய் ஆலைக்குத் தள்ளுகிறார். ஆலையில் எண்ணெய் பிழியும்போது நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. அந்தப் பிண்ணாக்கு மாட்டுக்கு வருகிறது. மாட்டின் பால் குழந்தைக்கு வருகிறது. நாம் கழித்துத் தள்ளிய கெட்ட கடலை, விலை கொடுத்து வாங்கிய பால் வடிவில் நம் வீட்டுக் குழந்தையிடமே வந்து சேருகிறது என்பதே இதன் சாரம்.

கள்ளிக்குப்பம் போன்ற ஊர்களின் நிலை

இவ்விஷயம் சென்னைக்கு மேற்கேயுள்ள ஊர்களுக்கு மிகவும் பொருந்தும். புழல் ஏரிக்கு அண்மையிலுள்ள கள்ளிக்குப்பம், அம்பத்தூர் நகராட்சியோடு சேர்ந்து 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியில் இணைந்தது. ஆவடியும் 2019-இல் மாநகராட்சியாயிற்று. தொழிற்சாலைகளும் வீட்டு மனைகளும் பெருகிய இப்பகுதியில் மேய்ச்சல் நிலம் அருகிவிட்டது. ஆயினும் மாடு வளர்ப்போர் இன்னும் உள்ளனர். பால் விற்றுக் குடும்பம் நடத்துவோரும் உள்ளனர். ஆவின் பால் பண்ணைகளுள் ஒன்று அம்பத்தூரிலேயே அமைந்திருக்கிறது.

வயலும் வரப்பும் உள்ள ஊரில் பசு பாதி வயிற்றைப் புல்லால் நிரப்பிக்கொள்ளும். மனைகளுக்கு நடுவே கட்டப்பட்ட பசுவுக்கோ வைக்கோலும், தவிடும், பிண்ணாக்கும், கலப்புத் தீனியும் யாவும் விலைக்கு வாங்கியவையே. மூட்டையில் கேடு இருப்பின் அதைத் தணிக்கப் பச்சைத் தீவனமும் இல்லை. மேலும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இப்பகுதியில் ஈரம் மிகுதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூரிலும் ஆவடியிலும் பல இடங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் அறிவோம். அத்தகைய காலத்தில் நனைந்த மூட்டை வெளியே உலர்ந்து காணினும் உள்ளே பூஞ்சை வளர்ந்திருக்கும்.

இவ்வூர்களில் நாய் வளர்ப்போரும் இக்காலத்தில் பெருகியுள்ளனர். கடைகளில் வெளிநாட்டுத் தின்பண்டங்கள் விற்கப்படுகின்றன. பிராணிப் பொருளாலான தீனியை இறக்குமதி செய்ய மத்திய கால்நடைத் துறையின் சுகாதார அனுமதி வேண்டும். சென்னையில் வந்திறங்குவனவற்றைப் பள்ளிக்கரணையிலுள்ள கால்நடைத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையம் கவனிக்கிறது. எனவே உறையில் செய்த நாடு, செய்த தேதி, காலாவதித் தேதி, சேர்ந்த பொருள்கள், இறக்குமதியாளர் முகவரி ஆகியவை இல்லாத பொட்டலத்தையும், பிரித்துச் சில்லறையாக விற்கும் பண்டத்தையும் வாங்குதல் தகாது. புதிய தின்பண்டம் கொடுத்தபின் நாய் வாந்தி எடுத்தாலும், வழக்கத்தினும் மிகுதியாக நீர் குடித்தாலும், உடனே அதை நிறுத்தி, உறையைப் பத்திரப்படுத்திக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். அப்பண்டத்தைக் கையாண்டபின் குழந்தைகள் கை கழுவுதலும் அவசியம்.

தீனியில் செய்யப்படும் மோசடிகள்

பூஞ்சை நஞ்சன்றி, விலைக்கு வாங்கும் தீனியில் வேண்டுமென்றே செய்யும் கலப்படங்களும் உண்டு. தவிட்டில் உமித்தூளும் மரத்தூளும் சேர்ப்பர். எடைக்காக மணலும் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்ப்பர். கடலைப் பிண்ணாக்கில் ஆமணக்குப் பிண்ணாக்கையோ இலுப்பைப் பிண்ணாக்கையோ சேர்ப்பர். இவை மாட்டுக்கு நஞ்சு. யூரியா மிகுந்தால் மாடு நடுக்கமுற்று, வயிறு உப்பி, சில மணி நேரத்தில் இறத்தலும் கூடும். அத்தகைய சமயத்தில் கைவைத்தியம் செய்து காலம் போக்காமல் மருத்துவரை அழைத்தல் வேண்டும்.

வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனைகள் சில வருமாறு:

1. ஒரு கண்ணாடி டம்ளர் நீரில் ஒரு பிடித் தவிட்டை இட்டுக் கலக்கிச் சிறிது நேரம் வைத்தால், மணல் அடியில் தங்கும். உமியும் மரத்தூளும் மேலே மிதக்கும்.

2. தவிட்டின்மீது எலுமிச்சைச் சாறு பிழிந்தால், சுண்ணாம்புக்கல் பொடி மிகுந்திருப்பின் நுரைத்துப் பொங்கும். கலப்புத் தீனியில் தாது உப்புகள் முறைப்படியே சேர்வதால் அதற்கு இச்சோதனை பொருந்தாது.

3. பிண்ணாக்கை உடைத்து நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கறுத்த பளபளப்பான ஓட்டுத் துணுக்குகள் ஆமணக்கைக் காட்டும். மஞ்சளோடு கூடிய பச்சைப் பூசணமும் மக்கிய வாடையும் பூஞ்சையைக் காட்டும். ஆனால் பூசணம் தெரியாததனால் நஞ்சு இல்லை என்று துணிதல் கூடாது.

4. பாலில் யூரியா உண்டா என்றறிய, 5 மில்லிலிட்டர் பாலில் அரைத் தேக்கரண்டி துவரை அல்லது சோயாப் பொடியை இட்டுக் குலுக்கி, 5 நிமிடம் கழித்துச் சிவப்பு லிட்மஸ் தாளை நனைக்க வேண்டும். தாள் நீலமாயின் யூரியா உண்டு.

அஃப்ளாடாக்சினை வீட்டில் கண்டறிய வழியில்லை. அதற்குச் சோதனைச் சாலையே வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாமக்கல் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுச் சோதனைச் சாலை இருக்கிறது. தனி ஒருவருக்குச் செலவாகத் தோன்றும் இச்சோதனை, ஒரு பால் கூட்டுறவுச் சங்கம் மொத்தமாக வாங்கும் தீனிக்கு மிகச் சிறிய செலவேயாகும்.

சட்டத்தின் நிலை

உணவுக் கலப்படத்தைத் தடுக்கச் சென்னை மாகாணம் 1918-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் 1954-இல் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் வந்து, 2011 ஆகஸ்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்பற்ற உணவால் ஒருவர் இறப்பின், அதற்குப் பொறுப்பானவருக்கு 7 ஆண்டுக்குக் குறையாத சிறைவாசமும், 10 லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதமும் அச்சட்டம் விதிக்கிறது.

ஆயினும் ஒன்று கவனிக்கற்பாலது. அச்சட்டத்தில் உணவு என்னும் சொல்லின் பொருளில் கால்நடைத் தீனி அடங்காது. பாலில் நஞ்சிருந்தால் அது குற்றம். அந்நஞ்சைக் கொணர்ந்த தீனியோ அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. கலப்புத் தீனிக்கு ஐ.எஸ். 2052 என்னும் இந்தியத் தர அளவு உண்டு. ஈரப்பதம் நூற்றுக்கு 11 பங்குக்கு மேற்படலாகாது என்பது அதிலுள்ள விதிகளுள் ஒன்று. மூட்டையில் அம்முத்திரையைப் பார்த்து வாங்குதல் நன்று.

பால் முதலிய உணவைப் பொறுத்தவரை, வாங்கியவர் எவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனை செய்விக்கும் உரிமையை 40-ஆம் பிரிவு அளிக்கிறது. பண்டம் விதிக்கு மாறானது என்று அறிக்கை வருமாயின் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

செய்ய வேண்டியவை

விவசாயிகள் செய்யத்தக்கவை:

1. நிலக்கடலையைப் பறித்தவுடன் காய் மேல்நோக்கி இருக்குமாறு செடிகளைப் பரப்பி நன்கு உலர்த்துக. ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்கு மேற்படலாகாது. கையில் எடுத்துக் குலுக்கினால் ஓட்டுக்குள் பருப்பு கலகலவென ஒலித்தல் வேண்டும்.

2. பூசணம் பிடித்த பருப்பை ஆலைக்கோ மாட்டுக்கோ கோழிக்கோ கொடாமல் ஆழப் புதைத்துவிடுக. வாத்துக் குஞ்சுகளுக்கு இந்நஞ்சு மிகக் கொடியது. நல்ல தீனியோடு கலந்து தீர்த்துவிடலாம் என்பதும் பிழை.

3. மூட்டைகளைத் தரையில் படாமல் மரப்பலகைமேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குக. மழைக்காலத்தில் பதினைந்து நாட்களுக்கு வேண்டியதை மட்டும் வாங்குக. முன்பு வாங்கியதை முன்பே செலவிடுக.

4. உரச் சாக்கிலும் பூச்சிமருந்துச் சாக்கிலும் தீனியை ஒருபோதும் வைக்கலாகாது. 1958-ஆம் ஆண்டில் கோதுமை மாவையும் பாரத்தியான் என்னும் பூச்சிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றி வந்ததால் மாவில் நஞ்சு படிந்து, கேரளத்தில் 100-க்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பதை நினைவிற்கொள்க.

5. மாடு தீனியை வெறுத்தாலும், காரணமின்றிப் பால் குறைந்தாலும், முதலில் அந்த மூட்டையை நிறுத்துக. அதில் அரைக் கிலோகிராம் மாதிரி எடுத்து, உலர்ந்த பையில் பத்திரப்படுத்துக.

பஞ்சாயத்துகளும் பால் கூட்டுறவுச் சங்கங்களும் செய்யத்தக்கவை:

1. தீனியைத் தனித்தனியே வாங்காமல் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு புதிய சரக்கிலும் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புதல்.

2. தீனி வியாபாரிகள் பற்றுச்சீட்டும், தயாரிப்பாளர் பெயரும், தேதியும் தரவேண்டும் என்று கிராம சபையில் தீர்மானித்தல்.

3. பொதுக் களமும், மழைக்குத் தார்ப்பாயும் அமைத்து, ஏழைக் குடியானவரும் கடலையையும் சோளத்தையும் உலர்த்த வசதி செய்தல்.

4. வெள்ளத்தில் நனைந்த தீனியை உடனே அகற்றி, அதனை மறுபடி விற்கவொட்டாமல் தடுத்தல். மாடு இழந்தவருக்கு நிவாரணம் கோரி எழுதுங்கால் தீனி இழந்தவரையும் சேர்த்தெழுதுதல்.

5. ஐயத்துக்குரிய பாலையோ உணவையோ குறித்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்குத் தாமதமின்றித் தெரிவித்தல்.

கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

நமது ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை மூட்டைத் தீனி விற்பனையாகிறது? அது எந்த ஆலையிலிருந்து வருகிறது? கடந்த ஓராண்டில் ஒரு முறையேனும் அது சோதிக்கப்பட்டதா? பூசணம் பிடித்த கடலையை நம்மவர் என்ன செய்கின்றனர்? மழைக்காலத்தில் மூட்டைகள் எங்கே அடுக்கப்படுகின்றன? இவ்வைந்து வினாக்களையும் அடுத்த கூட்டத்தில் எழுப்பி, விடைகளை நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதி வைப்பார்களாயின், வேலையில் பாதி முடிந்ததாகும்.

பசுவுக்கும் நாய்க்கும் மூட்டையின் மேலுள்ள எழுத்தைப் படிக்கத் தெரியாது. நாம் வைப்பதை நம்பி உண்பது அவற்றின் இயல்பு. அவற்றுக்காகப் படித்துப் பார்ப்பதும், முகர்ந்து பார்ப்பதும், சோதித்துப் பார்ப்பதும் நமது கடமையாகும். அக்கடமையை நாம் செய்தால், ஜீவகாருண்யத்தோடு நமது குழந்தைகளின் ஆரோக்கியமும் காக்கப்படும்.